கழற்ற மறந்த தகடு

எங்கள் அச்சகத்தில் என்னைப் புள்ளிக்காரி என்பார்கள். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் புள்ளிக்காரி. எனக்கு இரண்டும் காதில் விழும். வேலைக்குச் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. காதில் விழாதது போல் இருக்கக் கற்றுக்கொள்ள அதில் பாதி போதும்.

சான்றிதழ் அச்சடிக்கிற இடம் அது. பட்டம், உரிமம், பிறப்பு, இறப்பு எதுவானாலும் வெற்றுத் தாளை நாங்கள் அடித்துக் கொடுப்போம். பெயரை அந்தந்த அலுவலகம் நிரப்பிக்கொள்ளும். தாளின் பின்னணியில் அலையலையாகப் பச்சைக் கோடுகள் ஓடும். எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். அந்தக் கோடுகளுக்கு நடுவில், தூசியைவிடச் சின்னதாக, வெளிறிய மஞ்சளில் சில ஆயிரம் புள்ளிகள் இருக்கும். அவை என் வேலை. வெறும் கண்ணுக்குத் தாள் கொஞ்சம் பழுப்பேறியது போலத் தோன்றும், அவ்வளவுதான். நீல விளக்கின் கீழ் லென்ஸ் வைத்தால் புள்ளிகள் தெரியும். எங்களைப் போல வருடக்கணக்கில் அதிலேயே கிடக்கிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அப்போதும் அது சொல்வது புரியாது. புள்ளிகள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில்தான் செய்தி: எந்த அச்சகம், எந்த வேலை, எந்த மாதம். அதைப் படிப்பதற்கென்றே ஒரு கருவி உண்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை ஊர் திட்டும். எனக்கு அதற்குத்தான் சம்பளம்.

ஒவ்வொரு வேலைக்கும் தனியாக ஒரு மஞ்சள் தகடு செய்வோம். அது போக, எல்லா வேலைக்கும் பொதுவாக ஒரு மாதிரித் தகடு உண்டு. அதன் புள்ளிகளை அந்தக் கருவியில் காட்டினால், ‘இது மாதிரி, செல்லாது’ என்று வரும். வேலை தொடங்கும் முன் மாதிரித் தகட்டை மாட்டி இருபது தாள் ஓட்டி, மையும் அழுத்தமும் சரியா என்று பார்ப்போம். அந்தத் தாளை எவனாவது திருடிக்கொண்டு போய்ப் பெயர் எழுதினாலும் கருவி காட்டிக் கொடுத்துவிடும். பிறகு இருபதையும் எண்ணி, நறுக்கும் இயந்திரத்தில் போட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, மாதிரித் தகட்டைக் கழற்றி, வேலைத் தகட்டை மாட்ட வேண்டும். இந்த வரிசையை எழுதிக் கொடுத்தவளே நான்தான். அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை நான் தகட்டைக் கழற்ற மறந்தேன்.

காரணம் கேட்டால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பல்வலி. இடது தாடை வீங்கி, கண்வரை விண் விண்ணென்று தெறித்தது. லீவு போட்டிருக்கலாம். நான் இல்லாவிட்டால் அச்சகமே படுத்துவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு. அன்றைக்கு ஓடியது பாய்லர், லிஃப்ட், கிரேன் இயக்குகிறவர்களுக்கான திறன் சான்றிதழ், இரண்டாயிரம் தாள். இருநூறு ஓடியதும் வழக்கம்போல் ஒன்றை உருவி நீல விளக்கில் வைத்தேன். பல்வலி போன இடம் தெரியவில்லை.

ஃபோர்மேனைக் கூப்பிட்டேன். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் கழுகு. ஒரு கோடு மயிரிழை விலகியிருந்தாலும் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். இருநூறையும் வீண் என்று எழுதி நறுக்கிவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும் என்பதுதான் சட்டம். அந்த மாதம் ஏற்கெனவே வீணான தாள் அதிகம். இன்னொரு தடவை நடந்தால் இரண்டு பேருக்கும் மெமோ என்று மேலாளர் சொல்லி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கழுகு தாளை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். எந்த அலுவலகத்தில் கருவி இருக்கிறது என்று கேட்டார். எங்கும் இல்லை. அடுத்த வருடம் வாங்குவோம் என்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் இருந்த ஒன்றும் பழுதாகி, துணி போர்த்திக் கிடந்தது.

"எவன் படிக்கப் போறான்? கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல. நல்ல தாளோட சேர்த்துடு" என்றார்.

நான் மறுக்கவில்லை. இன்னும் சொல்லப்போனால், அவர் சொல்லாத ஒன்றையும் செய்தேன். மாதிரித் தகட்டில் மை சற்றே கூடுதலாகப் பிடிக்கும். இருநூறும் ஒரே கட்டாக இருந்தால், அடுக்கைப் பக்கவாட்டில் பார்க்கிறவர்களுக்கு ஒரு மஞ்சள் பட்டை தெரியும். அதனால் மீதி ஆயிரத்து எண்ணூறும் ஓடி முடிந்த பிறகு, சீட்டுக்கட்டைக் கலைப்பது போல் இருநூறையும் அவற்றோடு கலைத்தேன். ஒரு பிற்பகல் முழுக்க அதைத்தான் செய்தேன். அதன் பிறகுதான் தாள்கள் எண் போடும் இயந்திரத்துக்குப் போயின. பதிவேட்டில் ‘மாதிரி இருபது, நறுக்கியது இருபது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரொம்பச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடக் கடைசியில் என் தம்பி பாய்லர் தேர்வில் பாஸானான்.

என்னைவிட ஒன்பது வயது சின்னவன். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பாய்லர் அறையில் வேலை. அறுவைக் கருவிகளைச் சுத்தம் செய்கிற நீராவியிலிருந்து, துணி வெளுக்கிற நீராவி வரை அவன் கையிலிருந்துதான் போகும். சத்தத்தை வைத்தே பாய்லருக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆனால் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொடுத்து, எதிரே ஒரு கண்காணிப்பாளரையும் உட்கார வைத்துவிட்டால், சொந்தப் பெயருக்கே எழுத்துத் தேடுவான். முதல் தடவை கோட்டை விட்டான். இரண்டாவது தடவை எப்படியோ கரையேறினான். அம்மா போன பிறகு அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது நான்தான். அதனால் அவன் எழுத்தைப் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது.

சான்றிதழை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தான். என் கைவேலை அதில் எங்கே இருக்கிறது, காட்டு என்றான். அது ரகசியம், சொன்னால் வேலை போய்விடும் என்று சிரித்து மழுப்பினேன். இரண்டாயிரத்தில் இருநூறு, பத்தில் ஒன்று. லென்ஸை வீட்டுக்கு எடுத்து வந்து பார்த்தால் இரண்டு நிமிட வேலை. நான் பார்க்கவில்லை. அவன் வீட்டுப் பின்னறையில்தான் அன்றும் இன்றும் குடியிருக்கிறேன். முன்னறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த அந்தச் சான்றிதழின் கீழே உட்கார்ந்துதான் தினமும் சாப்பிட்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். அந்த இருட்டில் நான் பதினோரு வருடம் சௌகரியமாகவே இருந்தேன்.

இந்த வருடம் கருவிகள் வந்தன. உரிமம் கொடுக்கிற அலுவலகத்தில் கூரை ஒழுகி, பழைய பதிவேடுகளும் மதிப்பெண் பட்டியல்களும் கஞ்சியாகிவிட்டன. யார் பாஸ், யார் ஃபெயில் என்று சொல்ல இனி அவரவர் கையிலுள்ள தாளை விட்டால் வேறு எதுவும் இல்லை. அதனால்தான் அவசர அவசரமாகக் கருவி வாங்கினார்கள். இஸ்திரிப் பெட்டி அளவுதான் இருக்கும். முதல் சோதனையே ஆஸ்பத்திரிகளில். தம்பியின் சான்றிதழை வைத்தபோது சிவப்பு விளக்கு எரிந்ததாம். திரையில் ‘மாதிரி, செல்லாது’ என்று வந்ததாம்.

அன்று சாயங்காலம் அதை அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். மெஷின் கோளாறு, நாளைக்குச் சரியாகிவிடும் என்றான். அவன் மனைவி சிரிக்கவில்லை. மருந்துக் கடையில் நிற்கிறவள் அவள். காலாவதித் தேதி பார்த்துப் பார்த்து, எதையும் இரண்டு தடவை திருப்பிப் பார்க்கிற பழக்கம். அச்சகத்துக்காரி நான்தானே, என் பக்கம் திரும்பி அப்படியெல்லாம் தப்பாகக் காட்டுமா அண்ணி என்று கேட்டாள். மெஷின்தானே, காட்டும் என்றேன். கருவி ஒரு தப்பும் செய்யவில்லை. நான் அடித்துக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் படித்தது.

மறுநாள் அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். இரண்டு வாரத்தில் இப்படி ஒன்பது பேர் அகப்பட்டார்கள். மாதிரித் தாள்களைத் திருடி விற்கிற கும்பல் ஒன்று இருக்கிறது, ஒன்பது பேரும் அதனிடம் வாங்கியவர்கள் என்று பேச்சு கிளம்பியது. நெருப்பில்லாமல் புகையுமா என்று பக்கத்து வீட்டில் பேசியது எங்கள் வீட்டுக்குக் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் பேசினார்கள்.

தம்பி மனைவி ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே அவனிடம் தணிந்த குரலில், முதல் தடவை ஃபெயில் ஆனவர் இரண்டாம் தடவை எப்படிப் பாஸானீர்கள், என்னிடமாவது நிஜத்தைச் சொல்லிவிடுங்கள் என்றாள். அவன் பதில் சொல்லவில்லை. பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த நானும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? ஓய்வு பெற எனக்கு இன்னும் இரண்டு வருடம். சொன்னால் வேலை போகும், ஓய்வூதியம் போகும். அது ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. என் வேலையில் யாரும் ஒரு புள்ளி குற்றம் சொன்னதில்லை என்று இருபத்தாறு வருடமாக மார்தட்டிக்கொண்டு திரிந்தவள் நான். புதிதாக வந்தவர்களை ஒரு சின்னக் கறைக்காக அழ வைத்திருக்கிறேன். அவர்கள் முன்னால் தலைகுனிந்து நிற்பதை நினைத்தாலே உடம்பு எரிந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன்.

அப்போதுதான் ஓர் அறிவிப்பு வந்தது. சந்தேகத்துக்கு உள்ளானவர்கள் விரும்பினால் மறுபடி தேர்வு எழுதலாம். பாஸானால் புதிய சான்றிதழ், மேல் நடவடிக்கை கிடையாது. என் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. நான் வாயைத் திறக்காமலே எல்லாம் சரியாகிவிடும்.

தம்பி வேண்டாம் என்றான். "எனக்கு எழுத வராதுக்கா. உனக்குத் தெரியாதா?" என்றான். எனக்குத் தெரியும். தெரிந்தும் விடவில்லை. பதினோரு வருடம் ஓட்டிய பாய்லரைப் பற்றி எழுத உனக்கு என்னடா பயம் என்று உசுப்பேற்றினேன். மூன்று வாரம் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்துப் படிக்க வைத்தேன். பாய்லரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதில் தண்ணீர் மட்டம் கண்ணுக்கே தெரியாமல் இறங்கிவிட்டால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் அவன் கை காற்றில் நீண்டு, இல்லாத ஒரு சுவிட்சை அணைத்தது. முதலில் நெருப்பை அணைக்க வேண்டும், காய்ந்து கிடக்கிற இரும்பில் தண்ணீரை விட்டால் வெடித்துவிடும் என்றான். அதைத் திரும்பத் திரும்ப எழுத வைத்தேன்.

தேர்வு நாளில் நானும் கூடப் போனேன். வாசலில் ஒரு வேலிக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றேன். வெளியே வந்தவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதே கேள்விதான் முதல் கேள்வியாம். முதலில் தண்ணீர்க் குழாயைத் திறக்க வேண்டும், அடுத்து நெருப்பை அணைக்க வேண்டும் என்று எழுதிவிட்டு வந்திருக்கிறான். எழுதியது அவனுக்கே வெளியில் வந்த பிறகுதான் உறைத்தது. நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. அந்த விடையைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, இவரிடம் பாய்லரை ஒப்படைப்பது ஆபத்து என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள்.

தேர்வன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "கையில இருக்குக்கா. பேனாவுக்கு வர மாட்டேங்குது" என்றான்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. இத்தனை தடவை எழுத வைத்தேனே, மண்டையில் என்ன களிமண்ணா என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி திட்டினேன். நாற்பத்தொன்பது வயது ஆண்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். இறங்கி வீடு வரை நடக்கும்போதும் நான் ஓயவில்லை. யார் மேல் கோபம் என்று எனக்கே நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் நிறுத்த முடியவில்லை.

அதன் பிறகு அவன் தெருவுக்கே போவதில்லை. ஷேவ் செய்வதில்லை. பாய்லர் அறை ஆட்கள் இரண்டு பேர் பார்க்க வந்தபோது, தூங்குகிறான் என்று சொல்லச் சொன்னான். ஒரு சாயங்காலம் அவன் மனைவியிடம் பேசியது என் காதில் விழுந்தது.

"ஒருவேளை அப்பவும் ஃபெயில்தானோ என்னவோ. ஆள் மாறி எனக்குக் குடுத்துட்டாங்களோ."

நாற்காலியை விட்டு எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். நாளைக்குக் கண்டிப்பாக என்று முடிவு செய்தேன். அந்தத் தடவை மட்டும் முடிவை மாற்றவில்லை.

தனியாகச் சொன்னால் நம்புவார்களோ மாட்டார்களோ என்று முதலில் கழுகைப் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்று மகள் வீட்டில் மூன்றாவது மாடியில் இருந்தார். கண் அப்படியே இருந்தது. நான் தெருமுனையில் வரும்போதே பால்கனியிலிருந்து அடையாளம் கண்டு கதவைத் திறந்து வைத்திருந்தார். நடந்ததைச் சொல்லி, அன்றைக்கு இருநூறு தாள் கலந்துபோனதை நீங்களும் வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வீங்கின கன்னத்தோட வந்தியே, அந்த நாளா?" என்றார்.

பல்வலியைப் பற்றி நான் அதுவரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. வயசாயிடுச்சு. நீ சொல்றதுன்னா சொல்லிக்கோ. என் பேரை இழுக்காத."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஏழு வாரமாக நான் செய்துகொண்டிருந்ததை அவர் ஒரு நிமிடத்தில் செய்தார், அவ்வளவுதான். மகள் கொண்டு வந்து வைத்த டீயைக் குடித்துவிட்டு இறங்கினேன்.

அங்கிருந்து நேராக விசாரணை அதிகாரியின் அலுவலகம். கோப்புகளுக்கு நடுவில் ஒரு மனிதர் உட்கார இடம் ஒதுக்கியது போன்ற அறை. அவர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், குறுக்கே பேசாமல் கேட்டார். பல்வலியிலிருந்து பதிவேடு வரை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் பாரம் இறங்கியது போல்தான் இருந்தது.

அவர் எதையும் எழுதவில்லை. ஒரு கோப்பை எடுத்து, எங்கள் பதிவேட்டின் நகலைத் திருப்பிக் காட்டினார். மாதிரி இருபது, நறுக்கியது இருபது. கையெழுத்து உங்களுடையதுதானே என்றார். ஆமாம் என்றேன். அன்றைக்கு இருநூறும் தவறுதலாகப் போயிருந்தால் எண்கள் வரிசையாக அல்லவா வந்திருக்க வேண்டும், எங்களிடம் உள்ள ஒன்பதும் ஒன்பது பக்கமாகக் கிடக்கிறதே என்றார். நான்தான் கலைத்தேன் என்றேன். ஏன் என்றார்.

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு" என்றேன்.

அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். கலைக்காமல் விட்டிருந்தால், இது அச்சகத்தின் தவறு என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். அந்த ஒரு பிற்பகல் உழைப்பில் என் தப்பை மறைத்ததோடு தம்பிக்கான சாட்சியையும் நானே அழித்திருந்தேன். அது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

"நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம்மா" என்றார். "ஆனா நான் இதை எழுதினா எப்படிப் படிக்கும்னு பாருங்க. கணக்குல வராத இருநூறு மாதிரித் தாள் உங்க கையில இருந்திருக்கு. அதுல ஒண்ணு உங்க தம்பி வீட்டுச் சுவத்துல தொங்குது. வேலியே பயிரை மேஞ்சதுன்னுதான் எவனும் சொல்லுவான்."

அப்படியே இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் இன்னொரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். நான் வேலைக்குப் போயிருந்த முந்தாநாளே தம்பி விசாரணைக்கு வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

அந்தக் கோணல் எழுத்தை உலகத்தில் எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். இரண்டாவது தடவையும் தான் ஃபெயில் என்றும், பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் சான்றிதழை வாங்கியதாகவும் எழுதியிருந்தான். ‘வீட்டில் யாருக்கும் இது தெரியாது. என் அக்காவுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.’ கடைசி வரியின் கீழே கோடு போட்டிருந்தான்.

தானாக ஒப்புக்கொண்டதால் வேலை நீக்கத்தோடு முடித்துவிடுவார்களாம். கோர்ட்டு, ஜெயில் கிடையாதாம். அதிகாரி பொறுமையாக விளக்கினார். நான் சொல்வதையும் கோப்பில் சேர்த்தால், அக்கா தம்பி இரண்டு பேரில் ஒருவர் பொய் என்றாகிவிடும். கோப்பு கோர்ட்டுக்குப் போயே தீரும். அங்கே சிவப்பு விளக்கு இருக்கிறது, அவன் எழுதிய தேர்வு இருக்கிறது, அவன் கையெழுத்தே இருக்கிறது. என் பக்கம் என் வாய் மட்டும்தான். ஒரு வாரம் முன்னால், அவன் எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் வந்திருந்தால்கூட வேறு மாதிரி பார்த்திருக்கலாம் என்றார். பிறகு பேனாவைத் திறந்து, எழுதட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன்.

பஸ்ஸில் மற்ற எட்டுப் பேரின் நினைப்பு வந்தது. அவர்கள் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. இன்னும் நூற்றுத் தொண்ணூற்றொரு பேரிடம் கருவி போய்ச் சேரவில்லை. அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

தம்பி முன்னறையில் உட்கார்ந்திருந்தான். ஏன்டா அப்படி எழுதிக் கொடுத்தாய் என்று கேட்டேன். தெரிந்துவிட்டதா என்பது போல் பார்த்தான்.

"தாள் எங்கேர்ந்து வந்துச்சு, உங்கக்கா அங்கதான வேலை பாக்கறாங்கன்னு திரும்பத் திரும்பக் கேட்டாருக்கா. எனக்குத்தான் எப்படியும் போச்சு. உனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான இருக்கு."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பல்வலி, தகடு, கலைத்தது, லென்ஸை எடுத்து வந்து பார்க்காமல் விட்டது, சிவப்பு விளக்கு எரிந்த அன்றே தெரிந்துகொண்டது, நான் தப்பிக்கத்தான் அவனைத் தேர்வுக்கு விரட்டியது. சொல்லச் சொல்ல அவன் என்னை அடித்தால் தேவலை என்று இருந்தது. ஒரு வார்த்தை திட்டினால்கூடப் போதும். கன்னத்தைச் சொறிந்துகொண்டு, நெற்றியைச் சுருக்கி, கணக்குப் புரியாத பிள்ளை போல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்போ அந்தத் தடவை நான் பாஸ்தானா?" என்றான்.

"பாஸ்தான்டா."

"ஆள் மாறிக் குடுக்கலையே?"

"இல்லடா. தாள்தான் தப்பு. நீ பாஸ்."

அவன் முகம் மலர்ந்ததை நான் எப்படிச் சொல்வேன். ஏழு வாரமாக அந்த முகத்தில் இல்லாத ரத்தம் வந்தது. எழுந்து நின்றான். உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டு, கேட்டியா, நான் பாஸ், அக்கா சொல்லுது என்றான். அவள் ஈரக் கையோடு வந்தாள். அவன் தாறுமாறாகச் சொன்னதில் பாதியிலேயே அவளுக்கு முழுவதும் விளங்கிவிட்டது. அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டாள். ஏழு வாரம் என்றேன். அவள் அதே இடத்தில் நின்றாள். பதினோரு வருடம் என்று திருத்திச் சொன்னேன். அண்ணி என்று ஆரம்பித்தவள் திரும்பி உள்ளே போனாள். குழாய் திறந்த சத்தம் கேட்டது.

தம்பி இதையெல்லாம் கவனிக்கவில்லை. ஆணியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

"பாய்லர் ரூம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன். அவனுங்க எல்லாம் நான் காசு குடுத்து வாங்கினேன்னு நினைச்சிட்டிருக்கானுங்க."

நான் எழுந்து அவன் கையைப் பிடித்தேன்.

"வேண்டாம்டா. வெளியில சொல்லக் கூடாது. சொன்னா உன்னை ஜெயில்ல போட்டுடுவாங்க."

"அவனுங்ககிட்ட மட்டும்க்கா."

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"எப்பவுமேவா?"

ஆமாம் என்று தலையசைத்தேன். சரிக்கா என்றான். போட்டுக்கொண்ட பொத்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினான்.